வீட்டில் ஒருவர் கஞ்சாவை விடும்போது

பல ஆண்டுகளாகக் கஞ்சா புகைத்துவரும் ஒருவரை அவர் வீட்டார் எளிதில் நோயாளியாகப் பார்ப்பதில்லை. குடிப்பவர் தள்ளாடுவார், சத்தம் போடுவார், சில நாள் தெருவில் விழுந்தும் கிடப்பார், ஊருக்கே தெரிந்துவிடும். கஞ்சாப் பழக்கம் அப்படி வெளியே வருவதில்லை. புகைத்தவர் பேசாமல் தன் அறையில் இருப்பார், தனக்குள் சிரித்துக்கொள்வார், வயிறாரச் சாப்பிடுவார், தூங்கிவிடுவார். பத்து வருடம் ஓடிய பிறகுதான் கணக்கு தெரியவரும்: பாதியில் நின்ற படிப்பு, ஆறு மாதத்துக்கு மேல் நிலைக்காத வேலைகள், தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் கல்யாணப் பேச்சு, வீட்டில் எதிலும் ஒட்டாத மனசு. இழப்பு கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால்தான் உதவியும் தாமதமாக வருகிறது.

தொட்டவர் எல்லோரும் அதில் சிக்கிக்கொள்வதில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தால் பிரச்சினைக்குள்ளாகி உதவி தேவைப்பட்டவர்கள் சுமார் 72 லட்சம். மற்றவர்களின் வாழ்க்கை எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கிக்கொண்டவர் வீட்டில் எடுத்துவைக்கும் முதல் வாதமும் இதுதான்: "எங்க செட்டுல எல்லாருந்தான் அடிக்கிறானுங்க, யாருக்கு என்ன ஆச்சு?" இதற்கு அடுத்து, அது வெறும் மூலிகைதான், சாமியார்கள் குடிப்பதுதான், கனடாவில் சட்டமே அனுமதித்துவிட்டது என்று வரிசையாக வரும். கனடா 2018 அக்டோபரில் அனுமதித்தது உண்மைதான். மதுவையும்தான் பல நாடுகள் அனுமதித்திருக்கின்றன; அதனால் குடிநோய் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் இந்த விவாதத்தில் ஜெயித்து எந்தத் தாயும் மகனை மீட்டதாகத் தெரியவில்லை. ஊரார் கதை கிடக்கட்டும், இவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அதைப் பார்ப்பதற்கு மருத்துவர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு பதினோரு அடையாளங்களைச் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகமாகப் புகைப்பது, குறைக்க முயன்று தோற்பது, வாங்குவதிலும் புகைப்பதிலும் தெளிவதிலுமே நாளின் பெரும்பகுதி போவது, மனம் அதையே தேடுவது, வேலையும் வீட்டுப் பொறுப்பும் நழுவுவது, உறவில் சண்டை வந்தும் விட முடியாமல் இருப்பது, முன்பு பிடித்த காரியங்களைக் கைவிடுவது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்தான நேரத்திலும் புகைப்பது, உடம்பும் மனசும் கெடுவது தெரிந்தும் தொடர்வது, பழைய அளவு போதாமல் போவது, நிறுத்தினால் உடல் முரண்டு பிடிப்பது என்று அது நீளும். ஓராண்டுக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே பிரச்சினை தொடங்கிவிட்டது. ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். நீண்ட காலம் தினமும் புகைத்த ஒருவரிடம் இவற்றில் ஆறைக் காண்பது கடினமல்ல.

விட முடியாமல் இருப்பதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி என்ற பொருளை 1964-ல் இஸ்ரேலிய வேதியியலாளர்கள் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1980களின் இறுதியில் தெரியவந்தது. அதே ஏற்பிகளுக்காக மூளை தானே சுரக்கும் ஒரு பொருளை 1992-ல் மெக்கூலம் குழுவினரே கண்டுபிடித்தார்கள். பசி, தூக்கம், ஞாபகம், பயம், சந்தோஷம் எல்லாவற்றையும் அளவோடு வைத்திருப்பதில் இந்த ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு. வெளியிலிருந்து தினமும் டி.எச்.சி வந்து குவியும்போது மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு கஞ்சா இல்லாத நேரத்தில் சாப்பாடு ருசிப்பதில்லை, தூக்கம் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. "இது இல்லன்னா நான் நார்மலா இருக்க முடியாது" என்று அவர் சொல்வது சாக்கு அல்ல. அந்த நேரத்துக்கு அது உண்மை. நல்ல செய்தி என்னவென்றால், நிறுத்திய இரண்டு நாளிலேயே ஏற்பிகள் மீளத் தொடங்குகின்றன, சுமார் நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கால அளவு இந்த நான்கு வாரம்.

அந்த நான்கு வாரத்தில் முதல் வாரம்தான் கொடியது. நிறுத்திய ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் எரிச்சல், கோபம், பதற்றம், இருப்புக்கொள்ளாமை எல்லாம் வரும். சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. சிலருக்கு இரவில் வியர்த்துக்கொட்டும், குளிர் எடுக்கும், தலையும் வயிறும் வலிக்கும். தூக்கம் வராது, வந்தாலும், பல வருடமாக அடங்கிக்கிடந்த கனவுகள் பயங்கரமாகத் திரும்பி வரும். ஒரு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரத்தில் இவை தணிந்துவிடும். தூக்கமும் கனவும் மட்டும் ஒரு மாதம் தாண்டியும் தொல்லை கொடுக்கலாம். கஞ்சாவுக்கு இப்படியொரு விலகல் நோய் உண்டா என்பதே நெடுநாள் விவாதத்தில் இருந்தது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5தான் அதை முறையாக ஏற்றுக்கொண்டது.

பெரும்பாலான வீடுகளில் முயற்சி தோற்பது இந்த வாரத்தில்தான். புகைத்த நாட்களில் சாதுவாக இருந்த பையன், விட்ட மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி எறிகிறான். தங்கையைப் பார்த்து எரிந்துவிழுகிறான். வீட்டார் அதைத் திமிர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "இதுக்கு நீ அதை அடிச்சுட்டே இருந்திருக்கலாம்" என்று தாயே சொல்லிவிடும் வீடுகளும் உண்டு. அவனுக்கு அதைவிட நல்ல அனுமதி வேறென்ன வேண்டும்? என்ன வரும், எத்தனை நாளைக்கு வரும் என்று முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அந்தச் சொல் வாயில் வராது. இந்த வாரத்தில் பழைய கணக்குகளைத் தீர்க்கக் கூடாது, கல்யாணம், வேலை, கடன் என்று பெரிய பேச்சு எடுக்கக் கூடாது. நடுராத்திரியில் அவர் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தால் நடக்கட்டும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இட்லி, ரசம் சாதம், மோர், பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். பசி தானாகத் திரும்பும். காலையில் வேர்க்க வேர்க்க நடப்பதோ பந்து விளையாடுவதோ இரவுத் தூக்கத்துக்கு உதவும். பாட்டியின் தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுப்பதுதான் செய்யவே கூடாதது. ஒரு பழக்கம் போகும் வாசலில் இன்னொன்று நுழைய அது போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர் குறைவு. பீடியிலோ சிகரெட்டிலோ உள்ள புகையிலையோடு கலந்தே உருட்டுகிறார்கள். ஆகவே பத்து வருடக் கஞ்சாப் பழக்கத்துக்குள் பத்து வருட நிகோடின் பழக்கமும் ஒளிந்திருக்கிறது. கஞ்சாவை மட்டும் விட்டுவிட்டு சிகரெட்டைத் தொடர்பவருக்கு ஒவ்வொரு பற்றவைப்பும் பழைய ஞாபகத்தைக் கிளப்பும். இரண்டையும் சேர்த்து விடுவதானால் நிகோடின் சூயிங் கம் போன்ற உதவிகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். கஞ்சாவை மட்டும் நிறுத்துவதால் பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அதோடு தினசரி மதுவோ, தூக்க மாத்திரையோ, போதைக்காக விழுங்கும் வலிநிவாரணி மாத்திரையோ சேர்ந்திருந்தால் கதை வேறு. மதுவையும் தூக்க மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அப்படிப்பட்டவர் மருத்துவர் கண்காணிப்பில்தான் விட வேண்டும்.

இதெல்லாம் விட முடிவெடுத்த பிறகு வரும் விஷயங்கள். முடிவெடுக்க வைப்பதுதான் வீட்டாருக்குப் பெரும்பாடு. பெரியப்பா, மாமா, அப்பாவின் நண்பர் என்று நாலு பேரைக் கூட்டி, நடுவீட்டில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசுவதே நம் வீடுகளில் வழக்கம். அமெரிக்காவிலும் இதே பாணியில் குடும்பமே திரண்டு எதிர்கொள்ளும் முறை ஒன்று இருந்தது. அதன் பலனைச் சோதித்துப் பார்த்தார்கள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேயர்ஸ், வில்லியம் மில்லர் ஆகியோர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கே வர மறுத்த குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். குடும்பமே கூடி எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தினர் ஒதுங்கி நின்று தங்கள் மனதை மட்டும் பார்த்துக்கொள்ளும் முறையில் 13 சதவீதம். மேயர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' என்ற மூன்றாவது முறையில் 64 சதவீதம். பிறகு போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களின் குடும்பங்களிடம் செய்த ஆய்விலும் இந்த முறையே முன்னால் நின்றது. 30 சதவீதமும் சும்மா இல்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த முறைக்கு ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தை நடத்தவே துணியவில்லை. சொந்த மகனைக் கூட்டத்தில் நிறுத்த மனம் வருவதில்லை. அது நியாயமான தயக்கம்தான்.

கிராஃப்ட் முறை சொல்வதை ஒரு வரியில் அடக்கினால், புகைக்காத நேரத்தை இனிமையாக்கு, புகைத்த நேரத்தின் விளைவை அவரையே சுமக்க விடு. கேட்க எளிது, பல வீடுகளில் நடப்பது நேர் எதிர். மகன் தெளிவாக இருக்கும் மாலையில்தான் அப்பா பிடித்துவைத்துத் திட்டுகிறார், ஏனென்றால் அப்போதுதான் அவன் கேட்கும் நிலையில் இருக்கிறான். புகைத்துவிட்டு வந்த இரவில் வம்பு வேண்டாமென்று எல்லோரும் ஒதுங்கி, சாப்பாட்டை மேசையில் மூடிவைத்துவிட்டுப் போகிறார்கள். தெளிவாக இருந்தால் திட்டு, போதையில் வந்தால் நிம்மதி என்று வீடே அவனுக்குப் பாடம் நடத்திவிடுகிறது. இதைத் திருப்பிப் போட வேண்டும். தெளிவாக இருக்கும் நாளில் சேர்ந்து சாப்பிடுவது, சேர்ந்து படம் பார்ப்பது, அவருக்குப் பிடித்த மீன் குழம்பு. போதையில் வந்தால் சண்டையும் இல்லை, கொஞ்சலும் இல்லை: "இப்ப பேச வேணாம், நாளைக்குப் பேசிக்கலாம்" என்று அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது.

பேசும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் தெளிவாக, வயிறு நிறைந்து, அவசரமில்லாமல் இருக்கும் வேளை. நீண்ட பிரசங்கம் உதவாது. ஒரு குறிப்பிட்ட சம்பவம், அதனால் சொல்பவருக்கு என்ன ஆனது, என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். ஒரு மனைவி கணவனிடம், "நேத்து நீங்க வர்றவரைக்கும் பாப்பா தூங்கல. பத்து மணிக்கு அழுதுட்டே தூங்கிட்டா. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இந்த வாரம் ஒருநாள் டாக்டரப் போய்ப் பாத்துட்டு வரலாமா? நானும் வரேன்" என்று சொல்லலாம். 'எப்பவும் இப்படித்தான்', 'உங்க வம்சமே இப்படித்தான்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'கஞ்சா குடிக்கி' என்ற வசவு ஒருவரை அந்தப் பெயருக்குள்ளேயே பூட்டிவைக்கிறது.

பல ஆண்டு புகைத்தவரின் மனதில் விட வேண்டும் என்ற குரலும் விட வேண்டாம் என்ற குரலும் சேர்ந்தே இருக்கும். மில்லரும் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீஃபன் ரால்னிக்கும் வளர்த்தெடுத்த 'ஊக்க நேர்காணல்' முறையின் அடிப்படை இதுதான். வீட்டார் விடு விடு என்றால் அவர் மறுபக்கத்தை எடுத்துப் பேசத் தொடங்குவார், பேசப் பேசத் தன் பேச்சைத் தானே நம்புவார். மாறாக, "இதுல உனக்கு என்னதான் கிடைக்குது, தம்பி?" என்று உண்மையாகவே கேட்டால், தூக்கம் வருகிறது, மனப் புழுக்கம் குறைகிறது, நண்பர்கள் கிடைக்கிறார்கள் என்று சொல்வார். அதைக் குறுக்கிடாமல் கேட்ட பிறகு, "இதுல உனக்கே பிடிக்காதது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கலாம். அப்போது வரும் பதில் அவருடைய சொந்தக் காரணம். அடுத்தவர் சொன்ன நூறு காரணத்தைவிட அது வலுவானது. தூக்கத்துக்காக, பதற்றத்துக்காக என்று பதில் வந்தால் மருத்துவருக்கும் ஒரு துப்பு கிடைக்கிறது. பழக்கத்துக்குக் கீழே சிகிச்சை பெறாத மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கக்கூடும்.

விளைவைச் சுமக்க விடுவது என்பது பணத்தில் தொடங்குகிறது. மேலாளருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, கைமாற்றுக் கடனை ரகசியமாக அடைப்பது, அடகுவைத்த பைக்கை மீட்டுக்கொடுப்பது எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஒவ்வொன்றும் பழக்கத்தின் செலவை அவர் கணக்கிலிருந்து குடும்பக் கணக்குக்கு மாற்றுகிறது. சாப்பாடும் படுக்க இடமும் மருத்துவச் செலவும் குடும்பம் தரலாம். கையில் ரொக்கம் தர வேண்டியதில்லை. வீட்டுக்குள் பொட்டலம் வைக்கக் கூடாது என்பது பேரம் பேச முடியாத விதியாக இருக்க வேண்டும். தெரிந்தே இடம் கொடுப்பவர்மீதும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதுதான் இவை எல்லாவற்றிலும் கொடுமையான உதவி. ஒரு குடும்பத்தால் தாங்க முடியாததை முன்பின் தெரியாத ஒரு பெண் தலையில் இறக்கிவைப்பது அது.

விடுவதற்கு ஒரு நாள் குறிப்பதும், நாலு பேருக்குச் சொல்வதும், அன்றாட ஒழுங்கை மாற்றுவதும் பலன் தரும் என்று சிகிச்சை நூல்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் எத்தனையோ பேர், இருபது வருடம் விடாத சிகரெட்டையும் குடியையும் ஒரே நாளில் விடுகிறார்கள். மாலை போடும்போது என்னென்ன நடக்கிறது என்று பார்த்தால் வியப்பு குறைந்துவிடும். நாள் முன்பே குறிக்கப்படுகிறது. உடை மாறுவதால் ஊருக்கே தெரிகிறது. விடியலில் எழுந்து குளிக்க வேண்டியிருக்கிறது. மாலை நேரம், அதாவது கை பரபரக்கும் நேரம், பஜனைக்குப் போய்விடுகிறது. பழைய கூட்டாளிகளே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். வீட்டில் நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் இன்று 'சாமி' என்கிறார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. மரபுப்படி 41 நாள் விரதம். ஏற்பிகள் மீள்வதற்குத் தேவையான நான்கு வாரத்தைத் தாண்டிய காலம் அது. ஆகவே மாலையைக் கழற்றும் நாளில் உடம்பு பெரும்பாலும் விடுபட்டேதான் இருக்கிறது. கழற்றிய அன்றே பலர் பழையபடி பற்றவைப்பதற்குக் காரணம், அந்த ஒழுங்கு முழுவதும் ஒரே நாளில் கலைந்துவிடுவதுதான். மாலை போட்டோ போடாமலோ, எந்த மதத்தவராக இருந்தாலும், குடும்பம் கவனிக்க வேண்டியது 42-ஆம் நாளை. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார், கையில் என்ன வேலை இருக்கும் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கற்பூரம் அணைத்தும், பிள்ளை தலையில் அடித்தும் வாங்கும் சத்தியத்துக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அது உடைந்தால் அவருக்குக் குற்ற உணர்வு கூடும். குற்ற உணர்வோடு இருப்பவர் போய் நிற்பது பழைய இடத்தில்தான்.

சில நிலைகளில் பொறுத்திருக்காமல் நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும். யாரோ பின்தொடர்கிறார்கள், போனில் ஒட்டுக்கேட்கிறார்கள், டி.வி.யில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினாலோ, காதில் குரல் கேட்பதாகச் சொன்னாலோ அது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987-ல் வெளியான ஆய்வில், 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் அபாயம் புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. மந்திரித்துத் தாயத்து கட்டுவதில் போகும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சைக்கு இழப்பு. தற்கொலைப் பேச்சு எழுந்தாலும் அப்படியே, அன்றே மருத்துவமனை. திரும்பத் திரும்ப வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிவு என்ற விசித்திரமான நோயும் நெடுநாள் புகைப்பவர்களில் சிலருக்கு வருகிறது. 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் எழுதினார்கள். கஞ்சாவை நிறுத்தினால்தான் அது நிற்கும்.

கஞ்சாப் பழக்கத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. மருத்துவர் தரும் மாத்திரை தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ, குறுகிய காலத்துக்கு. உண்மையான சிகிச்சை பேச்சில்தான் நடக்கிறது: எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் கை போகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறு ஒன்றை வைக்கப் பழக்குவது. அதற்கு வாரக்கணக்கில் அமர்வுகள் வேண்டும். பெரும்பாலானோர் வீட்டிலிருந்தபடியே இதைச் செய்யலாம்; எல்லோருக்கும் மூன்று மாதம் உள்ளே இருக்க வேண்டியதில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பழைய மையங்கள் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கும்.

மையத்தைத் தேர்ந்தெடுப்பதில் கண் திறந்திருக்க வேண்டும். இரவோடு இரவாக வேனில் வந்து நாலு பேர் ஆளைத் தூக்கிப்போவதையே சேவையாக விற்கும் இடங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பிரச்சினைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், ஒப்புதல் இல்லாமல் சேர்ப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு, சங்கிலியால் கட்டுவது அறவே தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீ பிடித்தபோது, சங்கிலியில் இருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிப்போனதை மறந்துவிட முடியாது. பதிவுச் சான்று எங்கே, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வீட்டார் நேரில் பார்க்கலாமா, வெளியே வந்தபின் தொடர் கவனிப்பு உண்டா என்று கேட்க வேண்டும். பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் மையத்தில் யாரையும் விட்டுவரக் கூடாது.

மருத்துவமனைக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பல வீடுகளைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சா புகைப்பது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். விற்பனைக்கு இது பொருந்தாது. நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017 சட்டப்படி மருத்துவருக்குக் கடமை.

விட்டவர் மறுபடி புகைப்பது சகஜம். ஒரு நாள் சறுக்கினால் பத்து வருடத்துக்குத் திரும்பிவிட்டதாக ஆகாது. சறுக்கல் அதோடு நிற்குமா என்பது அடுத்த நாள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. "எங்க தப்பாச்சுன்னு பார்ப்போம்" என்ற பேச்சு உதவும், "நான் அப்பவே சொன்னேன்" உதவாது. மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கிவந்து தினமும் சோதிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டி.எச்.சி கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், நெடுநாள் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் சோதனை 'இருக்கிறது' என்றே காட்டலாம். உண்மையாக விட்டவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டால் அதன்பின் அவர் உண்மை சொல்ல எந்தக் காரணமும் இருக்காது.

இத்தனைக்கும் நடுவில் உதவுபவர் ஓய்ந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் அது அம்மா, அல்லது மனைவி. ராத்திரி கதவுச் சத்தத்துக்குக் காத்திருந்தே அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்கும். மற்ற பிள்ளைகள், ஒழுங்காக இருந்த குற்றத்துக்காக, கவனிப்பில்லாமல் வளர்ந்திருப்பார்கள். தன் தூக்கம், தன் வேலை, தன் தோழிகள் என்று வாழும் ஒருவரால்தான் மாதக்கணக்கில் கோபப்படாமல் பேச முடியும். அதனால் தன்னைக் கவனித்துக்கொள்வது சுயநலமாகாது. அடி உதை நடக்கும் வீட்டில் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்கு மாற வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். கூப்பிடுபவர் புகைப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட வீட்டில், அம்மாவோ மனைவியோ அண்ணனோ முதல் அழைப்பைச் செய்யலாம்.